பரீட்சை முடிந்ததும் காணாமல் போகும் மாணவர்கள்: சிலம்பம், கராத்தே வகுப்புகளுக்கான கோடைக் கேள்வி பதில்

ஆண்டுப் பரீட்சை முடிந்த மறுநாளே வகுப்பில் பாதி வரிசை காலியாகிவிடும். ஜூனில் பள்ளி திறந்த பிறகும் அதில் எல்லோரும் திரும்பி வருவதில்லை. தமிழ்நாட்டில் சிலம்பமோ கராத்தேவோ சொல்லித் தருகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆசான்களும் மாஸ்டர்களும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ரெண்டு வரி.

கோடையில் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? வெயில்தானே காரணம்?

வெயிலும் ஒரு காரணம். ஆனால் அதே பிள்ளை மத்தியானம் மூணு மணிக்குத் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால் வெயிலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பள்ளி நாட்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நாலரைக்கு வேன் வந்து இறக்கிவிடும், ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்கு வகுப்பு. விடுமுறையில் எழுந்திருப்பதே ஒன்பது மணி என்றால் மற்ற எல்லாமும் அதோடு சேர்ந்து நழுவுகிறது. அப்புறம் ஊர்ப் பயணம். ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு டியூஷன் மே மாதத்திலேயே ஆரம்பமாகிவிடும்.

இதில் எதுவும் நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கிற காரணம் வேறு: கூச்சம். மூன்று வாரம் கழித்து வருகிற பையன், தன்னோடு சேர்ந்தவர்கள் இரட்டைக் கம்புக்குப் போய்விட்டதைப் பார்க்கிறான். தொடக்க வணக்கமான சலாவரிசையே பாதி மறந்து போயிருக்கிறது. பின் வரிசையில் நின்று பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறான். ரெண்டு நாள் அப்படி நின்ற பிறகு வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவான். கோடையில் இழக்கும் மாணவர்களில் பெரும் பகுதியை நாம் மே மாதத்தில் இழப்பதில்லை, ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் இழக்கிறோம். கோடைக்கு என்ன திட்டம் போட்டாலும் இந்த ஜூனை மனதில் வைத்துத்தான் போட வேண்டும்.

பேசாமல் மே மாதம் முழுக்க விடுமுறை விட்டுவிட்டால் என்ன?

விடலாம், ஆனால் திரும்பத் தொடங்கும் தேதியைச் சொல்லிவிட்டு விடுங்கள். "பள்ளி திறந்ததும் பார்த்துக்கலாம்" என்று விட்ட வகுப்பு, பள்ளி திறந்து புத்தகம் வாங்கி, யூனிஃபார்ம் தைத்து, ஜூலை வரை போய்விடும். உங்களுக்கும் ஓய்வு வேண்டும் என்றால் கத்திரி வெயிலின் நடுவில் பத்து நாள் மூடுங்கள். ஆண்டில் அந்தப் பத்து நாளில் ஆசானும் தூங்கிக்கொள்ளட்டும்.

எந்த நேரத்தில் வகுப்பு வைப்பது?

காலை ஐந்தரை முதல் ஏழு வரை. மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே நல்ல வெளிச்சம் வந்துவிடும், எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறிவிடும். காலையில் வர முடியாது என்பவர்களுக்கு மாலை ஆறுக்கு மேல்.

மாலை வகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. பல வகுப்புகள் மொட்டை மாடியில் நடக்கின்றன. சூரியன் இறங்கிய பிறகும் கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். வகுப்புக்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்தின் நடுவில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கால் மாற்றி மாற்றி வைக்கத் தோன்றினால் பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். அவர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், காலடியை அவசர அவசரமாக எடுத்து வைப்பார்கள். ஆசான் அதைச் சோம்பல் என்று திட்டிக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் தெளித்து ஆறவிடலாம். மண் தரை கிடைத்தால் இந்தப் பேச்சே தேவையில்லை.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராது, உடம்பின் சூடும் இறங்காது. வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் வறண்ட சூடு. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பிச் சென்னைக்காரர்கள் ஏமாற வேண்டாம்.

இன்னொன்று, ஐபிஎல். இரவு ஆட்டம் ஏழரைக்கு. மாலை வகுப்பை ஏழு மணிக்கு முடித்துவிடுங்கள். அதோடு மல்லுக்கட்டி எந்த ஆசானும் ஜெயித்ததாகத் தெரியவில்லை.

வெயிலில் பழகினால்தான் உடம்பு இறுகும் என்று பெரியவர்கள் சொல்வார்களே?

ஜப்பானில் கோடை உச்சத்தில் சில நாட்கள் தொடர்ந்து பயிற்சி செய்கிற 'ஷோச்சூ கெய்கோ' என்ற வழக்கம் உண்டு. கராத்தே மாஸ்டர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். ஆண்டு முழுவதும் விடாமல் பழகி உடம்பைத் தயார் செய்துகொண்டவர்கள் செய்கிற காரியம் அது. ஏப்ரல் கடைசியில் புதிதாகச் சேர்ந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

பக்கத்திலேயே வேறொரு மரபு இருக்கிறது. கேரளக் களரியில் தீவிரப் பயிற்சிக்கும் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடிக்கிற உழிச்சலுக்கும் உரிய காலம் கர்க்கடக மாதத்து (நம் ஆடி) மழைக்காலம். பழைய குழிக்களரிகள் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி, மேலே ஓலை வேய்ந்தவை. உள்ளே இறங்கினாலே குளுமையாக இருக்கும். நம் தட்பவெப்பத்தில் வாழ்ந்தவர்கள் வெயிலோடு மோதாமல் ஒதுங்கிப் பழகினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உடம்பு சூட்டுக்குப் பழகுவது உண்மைதான். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். முதல் வாரம் பாதி வேகம், அடிக்கடி நிழல், அதற்கப்புறம் மெல்ல ஏற்றலாம். கராத்தேகாரர்கள் கோடை முடியும் வரை தடித்த மேற்சட்டையை விட்டுவிட்டு, பருத்தி டீசர்ட்டும் கால்சட்டையும் போதும் என்று சொல்லிவிடுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

காலை வகுப்புக்கு வெறும் வயிற்றில் வரலாமா?

வேண்டாம். ஒரு வாழைப்பழமோ நாலு பேரீச்சம்பழமோ போதும். நீராகாரம் குடிக்கிற வீட்டுப் பிள்ளை என்றால் அதைவிட நல்லது இல்லை. வகுப்பு நடுவில் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர். தாகம் எடுத்தவர்கள் குடியுங்கள் என்று விடாமல், எல்லோரையும் நிறுத்திக் குடிக்க வையுங்கள். சிறுசுகள் ஆட்ட மும்முரத்தில் தாகத்தைக் கவனிக்காது. முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். கலர் குளிர்பானம் வாங்கித் தருகிற தாராள மனசுப் பெற்றோரை அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

யாராவது மயங்கினால்?

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று சொன்னால் உடனே நிழல், ஈரத்துணி, விசிறி. வாயால் குடிக்கிற நிலையில் இருந்தால் ஓஆர்எஸ் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. உளறினாலோ, நிற்கத் தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கம். தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாத பிள்ளை வாயில் எதையும் ஊற்றக் கூடாது. "கொஞ்சம் உட்கார், சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போகிற பழக்கத்தை முதலில் விடுங்கள்.

ஊருக்குப் போகிற பிள்ளைக்கு என்ன கொடுத்து அனுப்புவது?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் அக்கறைப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் நாம் கொடுத்து அனுப்புவது "தினமும் பிராக்டிஸ் பண்ணு" என்ற மூணு சொல். அது யாருக்கும் நினைவிருக்காது. எதை, எவ்வளவு, யாரிடம் காட்ட வேண்டும் என்று மூன்றும் தெரிந்தால்தான் பிள்ளை செய்யும்.

எதை என்றால், ஒரே ஒரு துண்டு. சிலம்பத்தில் ஒரு காலடி, அதாவது கால் மாற்றி வைக்கிற ஒரு முறை. கம்பே வேண்டாம், சாக்பீஸால் தரையில் குறி போட்டுக் கொள்ளலாம். பாட்டி வீட்டு முற்றமே போதும். கராத்தேயில் முழுக் காதா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) கொடுக்காதீர்கள், அதில் அவன் தடுமாறுகிற ஒரு திருப்பம் மட்டும். ஹெயான் ஷோதான் என்ற தொடக்கக் காதாவில் முதல் திருப்பத்திலேயே சாய்கிறவனுக்கு அந்த ஒரு திருப்பம்தான் விடுமுறைப் பாடம்.

எவ்வளவு என்றால், பல் துலக்கியதும் பத்து முறை. அரை மணி நேரம் என்று சொன்னால் முதல் நாள் ஒரு மணி நேரம் செய்துவிட்டு இரண்டாம் நாளே மறந்துவிடுவான்.

யாரிடம் என்பதுதான் முக்கியம். ஊரில் தாத்தாவோ மாமாவோ அத்தையோ ஒருவர் பெயரைப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வரவேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். "தாத்தாவுக்கு முட்டிவலி, இடது காலை மட்டும்தான் வைத்தார்" என்று திரும்பி வந்து சொல்கிற பிள்ளைக்கு அந்தக் காலடி இனி மறக்காது. தென் மாவட்டங்களில் இன்னொரு லாபமும் கிடைக்கும். "அட, நாங்க இதை வேற மாதிரி வைப்போம்டா" என்று கம்பைப் பிடுங்குகிற பெரியப்பாக்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலை தெரிந்த ஒருவரையாவது பிள்ளை பார்த்துவிட்டு வரட்டும்.

பங்குனி, சித்திரை, வைகாசி ஊர்த்திருவிழாக்களின் காலம் அது. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் சிலம்பம் ஆடுகிற ஊராக இருந்தால், உங்கள் மாணவன் ஓரமாக நின்று ரெண்டு வீச்சு ஆட அனுமதி கேட்டுப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு தடவை ஆடிவிட்டவனை வகுப்பிலிருந்து யாரும் பிரிக்க முடியாது.

தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பச் சொல்லலாமா?

வாரத்துக்கு ஒன்று போதும், அதையும் குழுவில் போடாமல் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். குழுவில் போட்டால் நன்றாக ஆடுகிற நாலு பேர் மட்டும் போடுவார்கள், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் போடாதீர்கள். "வலது குதிகால் தூக்குது பாரு" என்று ஒரு வரி சொல்லுங்கள், ஆசான் உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

சம்மர் கேம்புக்குப் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. பழைய மாணவர்களோடு சேர்த்துவிடலாமா?

கூடாது. சேர்த்தால் பழையவர்களுக்குச் சலிப்பு, புதியவர்களுக்கு மிரட்சி. ஆனால் இடமும் ஆளும் ஒன்றுதான் என்கிறபோது என்ன செய்வது? பழைய மாணவர்களில் பன்னிரண்டு வயதுக்கு மேல் உள்ளவர்களைச் சட்டாம்பிள்ளை ஆக்குங்கள். ஒருவருக்கு நாலு புதுப் பிள்ளைகள். கம்பு பிடிப்பது, நிலை, வணக்கம், முதல் காலடி, இவ்வளவுதான் அவர்கள் பொறுப்பு. திருத்தம் உங்களுடையது.

இதில் பெரிய ஆதாயம் சட்டாம்பிள்ளைக்குத்தான். இத்தனை நாள் கை தன்னால் செய்துகொண்டிருந்ததை இப்போது வாயால் சொல்ல வேண்டும். "ஏன் அண்ணா இந்தக் காலை முதல்ல வைக்கணும்?" என்று ஒரு பொடிசு கேட்கும்போது அவன் முழிப்பான், உங்களிடம் ஓடி வருவான். அன்றுதான் அவனுக்கு அந்தக் காலடி புரிகிறது. அப்புறம், தன்னை அண்ணா என்று கூப்பிட நாலு பேர் காத்திருக்கிற இடத்துக்கு ஒரு பதின்மூன்று வயதுப் பையன் வராமல் இருப்பானா?

ரெண்டு எச்சரிக்கை. அவனுடைய சொந்தப் பயிற்சிக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தனியே ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் அது சம்பளமில்லாத வேலை. இன்னொன்று, தண்டனை கொடுக்கும் உரிமை சட்டாம்பிள்ளைக்குக் கிடையாது. தோப்புக்கரணம் போடச் சொல்வது உட்பட.

புதியவர்களுக்கு இருபது நாளில் இருபது வித்தை காட்ட வேண்டாம். கடைசி நாள் பெற்றோர் முன்னால் தடுமாறாமல் ஆடிக் காட்ட ஒரே ஒரு முழு வரிசை, அவ்வளவே. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிற கோடைக்கால முகாம்களுக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைகளையும் போட்டியாக நினைக்காதீர்கள். அந்த முகாம் முடிகிறது, உங்கள் வகுப்பு தொடர்கிறது.

வருகிறவர்களும் சலித்துப் போகிறார்கள். வகுப்பில் என்ன மாற்றலாம்?

அரை வகுப்பு வழக்கமான பயிற்சி, அரை வகுப்பு ஆட்டம். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பு நுனியில் பழந்துணியைப் பொதியாகச் சுற்றிக் கட்டுங்கள். அதைக் கோலமாவில் தொட்டு எடுத்து, இருவர் மோத வேண்டும். கறுப்பு டீசர்ட். தோளுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே தொட்டால் மட்டும் புள்ளி. தலையில் கவசம் கட்டாயம், கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிட வேண்டும். ஒரு நிமிடம் முடிந்ததும் டீசர்ட்டில் இருக்கிற வெள்ளைத் தடங்களை எண்ணுவது ஆசானின் வேலை இல்லை, அடி வாங்கியவனின் வேலை. "இது உரசல்தான், அடி இல்லை" என்று ஆரம்பிக்கும் வாதத்திலேயே தடுப்பு எங்கே திறந்திருந்தது என்று அவனுக்கே தெரிந்துவிடும். வெறுங்கையால் மோதும் குத்துவரிசையை ஆண்டு முழுக்க வேண்டாவெறுப்பாகச் செய்தவர்கள்கூட, கம்பு தட்டிப்போனால் கையால் என்ன செய்வது என்று தாங்களாகவே வந்து கேட்பார்கள்.

சுருள்வாள், மான்கொம்பு, வேல்கம்பு எல்லாம் என்ன என்று ஒரு நாள் வெளியே எடுத்து வைத்துக் காட்டுங்கள். காட்டுவது வேறு, கையில் கொடுப்பது வேறு. சுருள்வாளைச் சிறுவர் கையில் கொடுக்கிற பேச்சே வேண்டாம், தீப்பந்தமும் அப்படித்தான்.

கோடையில் 'உலக சாதனை' நிகழ்ச்சி வைத்தால் பிள்ளைகள் உற்சாகமாக வருவார்களே?

வருவார்கள். மைதானத்தில் நூற்றுக்கணக்கில் நிறுத்தி, மணிக்கணக்கில் கம்பு சுற்ற வைத்து, கடைசியில் ஏதோ ஒரு சான்றிதழும் பதக்கமும். மே மாதத்தில் இதைச் செய்வதை நான் எந்த வகையிலும் ஏற்பதில்லை. தோள்பட்டை வீங்குகிறது, பாதம் கொப்பளிக்கிறது, கற்றுக்கொள்வது பூஜ்யம். சான்றிதழ்தான் வேண்டும் என்றால் முதலமைச்சர் கோப்பை இருக்கிறது, பள்ளிப் பிரிவிலேயே சிலம்பம் உண்டு. 2024, 2025 ஆண்டுகளில் அதன் மாவட்டப் போட்டிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்தன. கோடையில் அதற்கான அடித்தளம் போடுங்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

பெல்ட் தேர்வை எப்போது வைப்பது?

பல இடங்களில் ஏப்ரலில் வைத்து, பெல்ட்டைக் கட்டிவிட்டு, "நல்லா லீவை என்ஜாய் பண்ணுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். முடிந்த கதைக்கு யார் திரும்பி வருவார்? ஜூன் கடைசியில் வையுங்கள். ஏப்ரலிலேயே தேதி, பாடம், யார் யார் எந்த நிறத்துக்கு எழுதுகிறார்கள் என்று தாளில் ஒட்டிவிடுங்கள். மே மாதம் இல்லாதவர்களுக்கு ஜூனில் மூன்று வாரம் கிடைக்கும், அதுவே அவர்களை இழுத்து வந்துவிடும். அதற்காகத் தேர்வை எளிதாக்க வேண்டாம். வராதவனுக்கும் பெல்ட் என்று ஆகிவிட்டால் வந்தவன் மனம் விட்டுவிடுவான்.

ஊருக்குப் போகும் மாதத்துக்குக் கட்டணம் வாங்கலாமா?

முழு மாதமும் இல்லையென்றால் வாங்காதீர்கள். வாடகை நமக்கு நிற்கப்போவதில்லை, உண்மைதான். அதைக் கேம்ப் வருமானத்தில் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். "இடம் பிடித்து வைக்கப் பாதிக் கட்டணம்" என்ற முறை நீச்சல் குளத்துக்குச் சரி. நம் வகுப்பில் அதைக் கேட்டால், பிள்ளையை நிறுத்திவிடலாம் என்றே பெற்றோர் யோசிப்பார்கள்.

மகள் வெயிலில் கறுத்துவிடுவாள் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஏழு மணிக்கு முடிகிற வகுப்பில் கறுக்க வழியில்லை என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் மகனைப் பற்றி இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் உண்மைக் காரணம் வேறு: விடிகாலை இருட்டில் தனியாக அனுப்பத் தயக்கம். ஒரே தெருவிலிருந்து வருகிற பெண் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்ப அம்மாக்களிடையே நீங்களே ஏற்பாடு செய்து கொடுத்தால் தடை தானாக நீங்கும்.

கம்பைக் கோடையில் எப்படிப் பாதுகாப்பது?

மாடியிலும் காருக்குள்ளும் போட்டு வைக்காதீர்கள். மூங்கிலும் பிரம்பும் அதிகம் காய்ந்தால் பிளக்கும், சிலாம்பு கையில் ஏறும். வாரம் ஒரு முறை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, நிழலில் படுக்கவைத்து வைத்தால் போதும். ஆடும்போது உள்ளங்கை வியர்த்துக் கம்பு நழுவிப் பறக்கும், ஆகவே கோடையில் வரிசைகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுங்கள்.

ஜூனில் வராதவர்களை என்ன செய்வது?

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே போன் போடுங்கள், பெற்றோரிடம் பேசிவிட்டு பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "ஏன் வரலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். "திங்கட்கிழமை முதல் எல்லோருக்கும் முதல் காலடியிலிருந்து ஓட்டுகிறேன், நீயும் வா" என்று சொல்லுங்கள். சொன்னபடி அந்த வாரம் முழுக்க எல்லோருக்கும் பழையதையே ஓட்டுங்கள், கேம்பிலிருந்து தங்கிவிட்டவர்களுக்கும் அது பயன்படும். வரிசையில் அவன் பழைய இடத்திலேயே நிறுத்துங்கள். லீவில் என்ன செய்தாய், தாத்தா காலடி வைத்தாரா என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டவர்களுக்கு வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை மட்டும் என்று ஒரு ஏற்பாடு வையுங்கள். பொதுத்தேர்வு முடிந்து அடுத்த ஏப்ரலில் அவர்கள்தான் உங்கள் முதல் சட்டாம்பிள்ளைகள்.